சொல் விளக்கம்: வளங்குன்றாமை

சென்னையில் ஆயிரக்கணக்கானோர் வேலை பார்க்கும் ஒரு பொதுத்துறை நிறுவனத்துக்குச் சில சுற்றறிக்கைகளை மொழிபெயர்த்துக் கொடுக்கப் போயிருந்தேன். முதல் மாடியில் ஓர் அறைக்கு அப்போதுதான் புதுப் பலகை மாட்டியிருந்தார்கள்: ‘நிலைத்தன்மைப் பிரிவு’. வராந்தாவைப் பெருக்கிக்கொண்டிருந்த அம்மா அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு என்னிடம் கேட்டார்: “எங்களையெல்லாம் நிரந்தரம் பண்றதுக்கான ஆபீஸா சார் இது?” பதினோரு வருடமாக ஒப்பந்தத் தொழிலாளியாக இருப்பவர்.

அவர் படித்ததில் தவறு ஒன்றுமில்லை. நிலைத்தல் என்றால் அப்படியே இருத்தல். பணி நிலைக்க வேண்டும் என்று காத்திருப்பவருக்கு அந்தப் பலகை வேறு எதைச் சொல்லும்? ஆனால் உள்ளே இருந்தவர்களின் வேலை தண்ணீர், மின்சாரம், டீசல், குப்பை ஆகியவற்றின் கணக்கைப் பார்ப்பது. ஆங்கிலத்தில் சஸ்டெய்னபிலிட்டி என்பதைத்தான் அப்படித் தமிழாக்கியிருந்தார்கள். அன்றிலிருந்து இந்தச் சொல்லை விடாமல் தேடிக்கொண்டிருக்கிறேன்.

சஸ்டெய்ன் என்பதற்கு வேர் இலத்தீனில் இருக்கிறது. ‘சுப்’ என்றால் கீழே, ‘தெனேரே’ என்றால் பிடித்தல். இரண்டும் சேர்ந்து ‘சுஸ்தினேரே’: கீழிருந்து பிடித்துக்கொள்வது, அதாவது தாங்குவது. நம் வீடுகளில் இதே பொருளில் இதே சொல்லைத்தான் சொல்கிறோம். செருப்பு இரண்டு வருடம் தாங்கும். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டுகொண்டிருந்தபோது தெருவில் எல்லோரும் கேட்ட கேள்வி, “ஏரித் தண்ணி இன்னும் எத்தனை நாள் தாங்கும்?” சிலிண்டருக்கு ‘வரும்’ என்போம்: “எங்க வீட்டுல நாப்பது நாள் வருது.” கருத்து நமக்குப் புதிதில்லை. அதைப் பெயர்ச்சொல்லாக்கிப் பலகையில் எழுதும்போதுதான் தடுமாறுகிறோம்.

இன்றைய பொருள் பிறந்தது ஓர் அரசு அலுவலகத்தில். ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியில் வெள்ளிச் சுரங்கங்கள் இருந்தன. வெள்ளியை உருக்க விறகு வேண்டும். உருக்கி உருக்கிச் சுற்றியிருந்த காடு தீர்ந்துகொண்டே வந்தது. அங்கே சுரங்க நிர்வாகத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்த ஹன்ஸ் கார்ல் ஃபான் கார்லோவிட்ஸ் 1713-ல் காடு வளர்ப்பு பற்றி ஒரு நூல் எழுதினார். எவ்வளவு மரம் வளருமோ அவ்வளவுதான் வெட்ட வேண்டும் என்ற கருத்தைச் சொல்ல அதில் அவர் கையாண்ட சொல், ‘பின்னாளுக்கும் பிடித்து வைக்கிற’ என்று பொருள்படுவது. அதிலிருந்து ஜெர்மானிய மொழியில் ‘நாஹ்ஹால்டிக்கைட்’ என்ற பெயர் நிலைபெற்றது. பிற்பாடு வனத்துறையினர் வழியாகக் கருத்து ஆங்கிலத்துக்குப் போனது. ஆக, இது பூந்தோட்டச் சொல் இல்லை. தன் வேலையாலேயே தன் மூலப்பொருளைத் தின்றுகொண்டிருந்த ஒரு பெரிய துறை, தன்னைப் பார்த்துச் சொல்லிக்கொண்ட சொல்.

நம் ஊரிலும் இதே கதை உண்டு. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலையில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு ஓடியது. அதே ஆண்டு இறுதியில் சென்னை மாகாணத்துக்கு வனக்காப்பாளராக ஹியூ கிளெக்ஹார்ன் நியமிக்கப்பட்டார். தண்டவாளக் கட்டைக்கும் எஞ்சின் விறகுக்கும் காடுகள் பட்ட பாடு அவர் காலத்தின் பெரிய கவலைகளில் ஒன்று. பொதுச் சேவை பெருகும்போது அதன் பசியும் பெருகும். அந்தப் பசிக்கு அளவு வைக்கத்தான் இந்தச் சொல் தேவைப்பட்டது.

அப்புறம் வந்த வரலாறு பலருக்கும் தெரிந்ததுதான். நார்வே பிரதமர் குரோ ஹார்லெம் புருண்ட்லாண்ட் தலைமையிலான ஐ.நா. ஆணையம் 1987-ல், வருங்காலத் தலைமுறையின் தேவைக்குக் குந்தகம் வராமல் இன்றைய தேவையை நிறைவேற்றுவது என்று இதற்கு வரையறை தந்தது. 2015-ல் ஐ.நா. 17 வளர்ச்சி இலக்குகளை ஏற்றது. இதற்குத் தமிழில் பல பெயர்கள் அலுவலகங்களில் புழங்குகின்றன.

சரி, எது பொருந்தும்?

‘நீடித்த’ என்பது அரசுத் தாள்களில் அதிகம் வருகிறது. ஆனால் அது இறந்தகாலப் பெயரெச்சம். நீடித்த காய்ச்சல், நீடித்த வறட்சி, நீடித்த வழக்கு என்று முடியாமல் இழுத்தவற்றோடு பழகிய சொல். நீடித்த வளர்ச்சி என்றால் நிறுத்தாமல் வளர்ந்துகொண்டே போனது என்றுதான் காதில் விழுகிறது. ‘தாங்குதிறன்’ நல்ல சொல். ஆனால் பாலத்துக்கும் தூணுக்கும் பொறியாளர்கள் அதை ஏற்கெனவே எடுத்துக்கொண்டார்கள்.

ஈழத்தமிழர் ‘நிலைபேறான அபிவிருத்தி’ என்றும் ‘பேண்தகு’ என்றும் எழுதுகிறார்கள். பேண்தகு எனக்கு மிகவும் பிடித்த சொல். பேணுதல் என்பதில் அக்கறையும் காவலும் சேர்ந்தே இருக்கின்றன. இருந்தாலும் ஒரு சென்னை அலுவலகத்தில் ‘பேணுதல் பிரிவு’ என்று எழுதினால், ஃபேன் ஓடவில்லை, ட்யூப்லைட் எரியவில்லை என்று பராமரிப்புப் புகார்கள்தான் வந்து குவியும். எதைப் பேணுகிறோம் என்று அந்தச் சொல் சொல்வதில்லை.

‘வளங்குன்றா’ அதைச் சொல்கிறது. குன்றுதல் என்றால் குறைதல், சிறுத்தல். பார்வை குன்றியது, வளர்ச்சி குன்றிய குழந்தை என்று அன்றாடம் வழங்குகிற வினை அது. வளம் குன்றாமல் வேலை நடக்க வேண்டும் என்றால் பெருக்குகிற அம்மாவுக்கும் புரியும், தலைமைப் பொறியாளருக்கும் புரியும். நான் அவரிடம் பிறகு அப்படித்தான் சொன்னேன். “தண்ணியும் கரண்டும் குறைஞ்சிடாம பாத்துக்கிற ஆபீஸும்மா.” அவர் உடனே, “அப்போ மூணாவது மாடிக்கு வரச் சொல்லுங்க, தொட்டி தினம் வழியுது” என்றார். அவருக்கு வேண்டிய பதிலை என்னால் தர முடியவில்லை என்ற வருத்தம் இன்னும் இருக்கிறது. ஆனால் சொல் போய்ச் சேர்ந்துவிட்டது.

இந்தக் கருத்துக்குப் பழைய தமிழில் ஒரு வினைத்தொடர் உண்டு. புறநானூற்றின் 184-ஆம் பாட்டில், வரி வாங்குவது எப்படி என்று பாண்டியன் அறிவுடை நம்பிக்குப் பிசிராந்தையார் சொல்கிறார். விளைந்த நெல்லை அறுத்துக் கவளமாக்கிக் கொடுத்தால், ஒரு ‘மா’ (பழைய நில அளவு) கூட நிறையாத நிலத்தின் நெல்லே யானைக்குப் ‘பன்னாட்கு ஆகும்’. யானையே வயலில் புகுந்தால் வாயில் போவதைவிடக் காலில் மிதிபடுவது அதிகம். பன்னாட்கு ஆதல்: பல நாளைக்கு வருதல். சிலிண்டருக்கு நாம் சொல்லும் அதே ‘வரும்’. அன்றைக்கு இருந்த மிகப் பெரிய பொது நிறுவனமான அரசுக்குத்தான் அந்த அறிவுரை என்பதையும் கவனிக்க வேண்டும்.

இனி, இதை ஒரு நிறுவனத்துக்குள் கொண்டுவருவதைக் குறிக்கும் சொல். சுற்றறிக்கைகளில் ‘உட்பொதித்தல்’ என்று இருந்தது. பொதித்த கல்லை நகையைக் கெடுக்காமலே நெம்பி எடுத்துவிடலாம். நான் ‘ஊடுபாவாக்குதல்’ என்று மாற்றினேன். காஞ்சிபுரம் தறியில் நீளவாட்டில் ஓடும் பாவு நூலையும் குறுக்கே ஓடும் ஊடு நூலையும் பிரித்தால் சேலையே இல்லை.

பாவில் ஊடு ஏறாதது எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு மின்விசிறி போதும். பழைய மாதிரி சீலிங் ஃபேன் சுமார் 75 வாட் எடுக்கும். மின்சாரத்தைக் குறைவாக எடுக்கும் புது வகை மோட்டார் பொருத்திய பி.எல்.டி.சி. ஃபேன் சுமார் 30 வாட்டில் அதே காற்றைத் தரும். ஒரு நாளைக்கு 12 மணி நேரம் ஓடினால் ஒரு ஃபேனுக்கு ஆண்டில் ஏறக்குறைய 200 யூனிட் மிச்சம். ஆனால் ஒப்பந்தப்புள்ளியில் வாங்கும் விலையை மட்டும் ஒப்பிட்டால் 75 வாட் ஃபேன்தான் ஜெயிக்கும். வாங்குவது ஸ்டோர்ஸ் பிரிவு, கரண்ட் பில் கட்டுவது கணக்குப் பிரிவு. இரண்டு கோப்புகளும் ஒரே மேசையில் சந்திப்பதே இல்லை. கொள்முதல் விதியில், வாங்கும் விலையோடு அதன் ஆயுள்கால மின்செலவையும் கூட்டிப் பார்க்க வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கிற நாளில்தான் ஊடு பாவில் ஏறுகிறது. சுற்றுச்சூழல் தினத்தில் நடுகிற மரக்கன்று எனக்கும் பிடிக்கும். ஆனால் அந்த ஒரு வரிக்காகப் போராடுகிறவர்கள் மேல் எனக்கு இன்னும் பெரிய மரியாதை.

இங்கிலாந்தின் தேசிய மருத்துவச் சேவை 2020-ல் தன் நேரடிக் கரிம உமிழ்வை 2040-க்குள் நிகரச் சுழியமாக்குவதாக, அதாவது வெளியேற்றுவதும் ஈடுசெய்வதும் சமமாகிவிடும்படி செய்வதாக, அறிவித்தது. அதற்காகக் கணக்குப் போட்டபோது மொத்த உமிழ்வில் சுமார் 62 சதவீதம், வாங்கும் மருந்து, கருவி, பொருள்களின் வழியாகவே வருவது தெரிந்தது. அங்கேயும் கொள்முதல் கோப்புதான்.

சென்னையில் ஊடு ஏறிய இடங்களும் உண்டு. 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ரயிலில் வந்தது, மறக்க முடியுமா? அதே ஆண்டு கோயம்பேட்டில் மெட்ரோ வாட்டர் எனப்படும் சென்னைக் குடிநீர் வாரியம் திறந்த நிலையம், நகரத்தின் கழிவுநீரை மூன்றாம் நிலை வரை (வழக்கமான சுத்திகரிப்புக்கு மேல் இன்னொரு கட்டம்) சுத்திகரித்து நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் தரக்கூடியது. அப்படி 18 ரயில்கள் கொண்டுவரும் தண்ணீர் அது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு அது போவதால் அந்த அளவு நல்ல தண்ணீர் மிஞ்சுகிறது. கழிவுநீரிலிருந்து வரும் வாயுவில் மின்சாரம் எடுத்து நிலையத்தையே ஓட்டுவதும் வாரியத்தில் பல ஆண்டுப் பழக்கம். 2025 ஜூனில் வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்சாரப் பேருந்துகள் புறப்பட்டன. அதற்குப் பணிமனையின் மின்இணைப்பு, பேருந்து நிற்கும் வரிசை, பழுது பார்ப்பவர் கற்க வேண்டியது என எல்லாமே மாற வேண்டும்.

எழுதும்போது கவனிக்க வேண்டியது ஒன்று. வளம், குன்றா இரண்டும் சேர்ந்து ‘வளங்குன்றா’ ஆகும், மகரம் ஙகரமாகும். ‘குன்றா’ ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் என்பதால் அடுத்து வல்லினம் மிகும்: வளங்குன்றாக் கொள்முதல், வளங்குன்றாப் போக்குவரத்து. ‘வளங்குன்றா வளர்ச்சி’யில் மிகாது. பெயராக வேண்டும் என்றால் வளங்குன்றாமை. பலகையில் எழுத வேண்டும் என்றால், வளங்குன்றாமைப் பிரிவு.