கடவுச்சொல் கேட்டுவிட்டுச் செத்துப்போன ஸ்கிரிப்ட்

முனையத்தில், அதாவது கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் திரையில், ஓடும் ஒரு சின்ன ஷெல் ஸ்கிரிப்ட் (கட்டளைகளின் கோவை) எழுதியிருந்தேன். கடவுச்சொல் திரையில் தெரியாதபடி எஸ்டிடிஒய் (முனைய அமைப்புகளை மாற்றும்) கட்டளையால் எக்கோவை, அதாவது அடித்த எழுத்து திரையில் தெரிவதை, நிறுத்தும். வாங்கியதும் திரும்பப் போடும். பாதியில், நிரலை நிறுத்தும் கண்ட்ரோல்-சி அழுத்தினேன். ஸ்கிரிப்ட் போய்விட்டது, எக்கோவும் போய்விட்டது. எல்எஸ் என்று அடித்தால் எழுத்து தெரியவில்லை. கோப்புப் பட்டியல் மட்டும் வந்தது.

அடித்த எழுத்தைத் திரைக்குத் திருப்பி அனுப்பும் வேலை, இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குள் முனையத்தைக் கவனிக்கும் டிடிஒய் டிரைவருடையது. நிரல் செத்தால், அது திறந்த கோப்புகளைக் கெர்னல் மூடிவிடும். முனைய அமைப்புகளைத் தொடாது. குடியிருந்தவர் காலி செய்தாலும் அவர் அடித்த ஆணி சுவரில் இருக்குமே, அப்படி.

சரி, கடைசியில் ‘எஸ்டிடிஒய் எக்கோ’ என்று எழுதினால் போதாதா? அது அரைகுறை. எக்கோ முதலிலேயே அணைந்திருந்தால்? இருந்ததை இருந்தபடியே எடுத்து வைப்பதுதான் முறை. அதற்குத்தான் இப்போதைய அமைப்புகளை ஒரே சரமாகத் தரும் ‘எஸ்டிடிஒய் -ஜி’. லினக்ஸில் இது முக்காற்புள்ளியால் பிரித்த ஹெக்ஸாடெசிமல் (16-ஐ அடியாகக் கொண்ட) எண்களைக் கொட்டும். முதல் நான்கும் கொடிகள்; ஒவ்வொன்றிலும் உள்ள பிட்டுகள் (0 அல்லது 1) தனித்தனி அமைப்புகளை இயக்கும், அணைக்கும். எக்கோவை அணைத்தால் நான்காவது எண்ணில் சரியாக 8 குறையும். ஐந்தாவது இடத்தில் பெரும்பாலும் 3 இருக்கும். அது கண்ட்ரோல்-சியின் எண்.

இந்தச் சரத்தை மேக்கிற்குக் கொண்டுபோனால் உதவாது. அங்கே வடிவமே வேறு. பெயரும் சமக்குறியுமாக வரும். பிட்டுகளின் பொருளும் மாறும். லினக்ஸில் நான்காவதாக வரும் அதே கொடியில், 2 என்ற பிட் லினக்ஸில் வரிவரியாகப் படிப்பதைக் குறிக்கும். மேக்கில் அழிக்கும்போது எழுத்து எப்படி மறைய வேண்டும் என்பதைக் குறிக்கும். ஆகவே பிரித்துப் பார்க்காமல், எடுத்த இடத்திலேயே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

சி மொழியில் இன்னும் சிக்கல் இருந்தது. முனைய அமைப்பைக் கையாளும் வழி 1979-இல் வந்த ஏழாம் பதிப்பு யூனிக்ஸில் எஸ்ஜிடிடிஒய். ஏடி அண்ட் டியின் சிஸ்டம் 3-இல் டெர்மியோ. இரண்டிலும் ஓட வேண்டிய நிரலுக்குள் இரண்டு விதமாகவும் எழுதி வைத்தார்கள். 1988-இல் யூனிக்ஸ் வகைகளுக்குப் பொதுவான போசிக்ஸ் தரம் டெர்மியோஸ் என்ற ஒரே வழியைக் கொண்டுவந்த பிறகுதான் எடுக்க ஒரு செயற்கூறு, போட ஒரு செயற்கூறு என்று ஒழுங்கானது.

என் ஸ்கிரிப்டில் இப்போது ட்ராப் வைத்திருக்கிறேன்; நிறுத்தச் சொல்லும் குறிப்பு வந்தால் நான் சொன்ன கட்டளையை அது ஓட்டும். கண்ட்ரோல்-சி வந்தாலும் பழைய அமைப்பு திரும்பிவிடும். ஆனால் நிரலை உடனே கொல்லும் கில் -9 வந்தால் ட்ராப்புக்கு வாய்ப்பே கிடையாது. அப்போது எழுத்து தெரியாவிட்டாலும், முனையத்தை வழக்கமான நிலைக்குக் கொண்டுவரும் ‘எஸ்டிடிஒய் சேன்’ என்று அடிக்க வேண்டியதுதான். என்டர் எடுபடவில்லையா, கண்ட்ரோல்-ஜே அழுத்துங்கள். என்டர் அனுப்பும் எழுத்தின் எண் 13; அதை வரி முடிவைக் குறிக்கும் 10 ஆக மாற்றுவதும் அதே டிரைவர்தான். கண்ட்ரோல்-ஜே நேராகவே 10.