200 நிமிடங்கள், ஒரே ஒரு பந்து

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து அணி ஒன்றுக்கு ஆட்டக் காணொளிகளை ஆராய்ந்து குறிப்பெழுதித் தருவது என் தொழில். அடுத்த பருவத்துக்கு எந்தெந்தப் பள்ளி வீரர்கள் சேருகிறார்கள் என்ற அறிவிப்பு வந்ததிலிருந்து, நண்பர்கள் ஒரே கணக்கைத்தான் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள்: பள்ளியில் ஆட்டத்துக்கு 25 புள்ளி எடுத்தவர் ஒருவர், 20 எடுத்தவர் ஒருவர், ஆகவே அணிக்கு 45 புள்ளி கூடுதல். நேற்று இது ஆறாவது முறையாக வந்தது.

கல்லூரி ஆட்டம் 40 நிமிடம். களத்தில் ஓர் அணிக்கு ஐவர். ஆகப் பங்கிட இருப்பது 200 நிமிடங்கள், பந்தோ ஒன்றுதான். புதியவர் 28 நிமிடம் ஆடினால், அந்த 28 நிமிடமும் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த யாரோ ஒருவரிடமிருந்து போகிறது. அந்த ஒருவரும் சும்மா நின்றுகொண்டிருக்கவில்லை, புள்ளி எடுத்துக்கொண்டுதான் இருந்தார். யாருடைய நிமிடங்களை இவர் எடுக்கிறார், அவரைவிட எவ்வளவு மேல் என்று கேளுங்கள். முதலாண்டு வீரர் பென் சிம்மன்ஸ் 2015-16இல் லூசியானா மாநிலப் பல்கலைக்கழக (எல்.எஸ்.யூ.) அணிக்காகச் சராசரியாக 19 புள்ளியும் ஏறக்குறைய 12 ரீபவுண்டும் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது) எடுத்தும், பருவ முடிவில் தேசியப் பட்டத்துக்காக நடக்கும் என்.சி.ஏ.ஏ. தொடரில் அந்த அணிக்கு இடம் கிடைக்கவில்லை. 2024-25இல் டிலன் ஹார்ப்பர், ஏஸ் பெய்லி என்ற இரு முதலாண்டு நட்சத்திரங்களையும் வைத்திருந்த ரட்கர்ஸ் பல்கலைக்கழக அணி 15 வெற்றி, 17 தோல்வியோடு பருவத்தை முடித்தது. இருவர் திறமையிலும் குறையில்லை. சுற்றியிருந்த அணி போதவில்லை.

ஹைலைட்ஸை வைத்து ஆளை மதிப்பிடுவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். ஒரு மாணவரின் மூன்று நிமிடக் காணொளியில் பன்னிரண்டு டங்க் (எம்பிப் பந்தைக் கூடைக்குள் அடித்து இறக்குவது) இருந்தன. முழு ஆட்டத்தை வரவழைத்துப் பார்த்தால், பந்து மறுபுறம் இருக்கும்போதெல்லாம் அவர் முழங்காலில் கையூன்றிப் பந்தையே பார்த்து நிற்கிறார். அவர் காக்க வேண்டியவர் மூன்று முறை முதுகுக்குப் பின்னால் நழுவி ஓடிப் புள்ளி எடுத்துவிட்டார். அந்த ஆறு புள்ளியை எந்தக் காணொளியிலும் வெட்டிச் சேர்க்க மாட்டார்கள்.

கோட்டுக்கு வெளியே தொலைவிலிருந்து எறியும் மூன்று புள்ளி எறிதல்களின் சதவீதத்தையும் அப்படியே நம்பாதீர்கள். பள்ளியில் அந்தக் கோடு 19 அடி 9 அங்குலத்தில் இருக்கிறது. ஆண்கள் கல்லூரி ஆட்டத்தில் 22 அடி 1¾ அங்குலம். நான் முதலில் பார்ப்பது ஃப்ரீ த்ரோ (எதிரணியின் தவறுக்காகக் கிடைக்கும் எறிதல்) சதவீதத்தை. அந்தக் கோடு எங்கும் 15 அடிதான், மறிக்க ஆளும் இல்லை என்பதால் கை எப்படிப்பட்டது என்பது அங்கே தெரிந்துவிடும்.

இன்னொரு வேண்டுகோள்: பதினெட்டு வயதுப் பிள்ளை, நான்காண்டு எடைப் பயிற்சி முடித்த இருபத்திரண்டு வயதுக்காரர்களோடு மோதுகிறார். டிசம்பரிலேயே அவரைக் கைகழுவிவிடாதீர்கள். 2014-15 பருவத்தில் டியூக் பல்கலைக்கழக அணியின் முதலாண்டு வீரர் கிரேசன் ஆலனின் சராசரி 4.4 புள்ளிதான். விஸ்கான்சின் அணிக்கு எதிரான என்.சி.ஏ.ஏ. இறுதி ஆட்டத்தில் டியூக் 9 புள்ளி பின்தங்கியிருந்தபோது பெஞ்சிலிருந்து வந்து ஆட்டத்தைத் திருப்பியவர் அவர். அன்று அவர் எடுத்தவை 16.