வாளும் வில்லும் எங்கிருந்து வந்தன?

"சார், நான் கல்லைக்கூடத் தொடலை. பயங்கர ஆயுதத்தோட வந்தேன்னு போட்டிருக்காங்களே!"

நான் வக்கீல். கலவர வழக்கில் குற்றப்பத்திரிகை நகல் கைக்கு வந்ததும் என் கட்சிக்காரர்கள் பதறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். எனக்கு உடனே 1381ஆம் ஆண்டு இங்கிலாந்தில் நடந்த விவசாயிகள் கலகம் நினைவுக்கு வரும்.

1380 கடைசியில் தலைக்கு 12 பென்னி வரி போட்டார்கள். 1377இல் அதே தலைவரி 4 பென்னிதான். மே 30 அன்று எசெக்ஸின் பிரென்ட்வுட்டில் வரி விசாரிக்க வந்த அதிகாரியை ஊர்க்காரர்கள் விரட்டினார்கள். கலகம் பரவியது. ஜூன் 14இல் கலகக்காரர்கள் லண்டன் கோபுரம் என்ற கோட்டைக்குள் புகுந்து பேராயர் சட்பரியைப் பிடித்துத் தலையை வெட்டினார்கள். மறுநாள் கலகத் தலைவர் வாட் டைலர் கொல்லப்பட்டார். பிறகு கோர்ட்டுகளின் முறை.

அந்தக் கோர்ட்டு ஆவணங்கள் லத்தீனில் இருக்கும். குற்றம் சாட்டப்பட்ட விவசாயிக்கு அதில் ஒரு வரி புரியாது. அவற்றில் திரும்பத் திரும்ப வருவது 'வி எத் ஆர்மிஸ்', அதாவது 'பலத்தோடும் ஆயுதங்களோடும்'. அந்தக் காலத்தில் அத்துமீறல் வழக்கு அரசரின் கோர்ட்டுக்குப் போக வேண்டுமானால் பெரும்பாலும் இந்தச் சொற்கள் இருந்தாக வேண்டும். 1317இல் ஒரு மது வழக்கு வந்தது. விற்றவர் பீப்பாயிலிருந்து மதுவை எடுத்துவிட்டு உப்புத்தண்ணீர் ஊற்றிவிட்டார் என்று வாங்கியவர் புகார். அதையும் வாள், வில், அம்புகளோடு செய்தார் என்றே எழுதியிருக்கிறார்கள்! பீப்பாய் திறக்க அம்பு எதற்கு? ஆகவே 1381 ஆவணத்தில் 'ஆயுதங்களோடு' என்று கண்டால் அது நடந்ததா, எழுத்தர் வழக்கமா என்று முதலில் பார்க்க வேண்டும்.

பெயர்கள் எப்படிச் சேர்ந்தன என்பது இன்னும் மோசம். மடம் இருந்த செயின்ட் ஆல்பன்ஸ் ஊரில், கலகக்காரர்கள் யார் என்று சொல்ல வேண்டிய உள்ளூர் ஜூரிகள் யாரையும் காட்டிக்கொடுக்கத் தயங்கினார்கள். தலைமை நீதிபதி டிரெசிலியன் அவர்களை மிரட்டி, ஏற்கெனவே தயாராக இருந்த பெயர்ப் பட்டியலை எடுத்து நீட்டினார் என்று அந்த மடத்துத் துறவி வால்சிங்ஹாமே எழுதிவைத்திருக்கிறார். அவர் கலகக்காரர்களுக்குப் பரிந்து பேசுகிற ஆளே அல்ல.

எனக்குப் பிடித்த உதாரணம் வால்டர் சிபில். லண்டன் ஆல்டர்மேன் (நகர மன்ற உறுப்பினர்), மீன் வியாபாரி. லண்டன் பாலத்தைத் திறந்து கலகக்காரர்களை உள்ளே விட்டார் என்று குற்றச்சாட்டு. அது பதிவான தேதி 1382 நவம்பர், கலகம் நடந்து ஏறக்குறைய ஒன்றரை வருடம் கழித்து. அப்போது மேயர் ஜான் ஆஃப் நார்தாம்ப்டன், மீன் வியாபாரிகளுக்குப் பரம விரோதி. 1383இல் மேயர் மாறினார். 1384இல் சிபில் விடுதலையானார்.

அதனால்தான் குற்றப்பத்திரிகை வந்தால் நான் சட்டப்பிரிவுகளை அப்புறம் வைத்துக்கொள்கிறேன். ஒவ்வொரு சாட்சியின் வாக்குமூலத்துக்குப் பக்கத்திலும் பென்சிலால் அது பதிவான தேதியைக் குறிப்பேன். எஃப்.ஐ.ஆரில் இல்லாத பெயர் எந்தத் தேதியில் முளைத்தது, யார் வாயால் முளைத்தது என்று பார்ப்பேன். நீங்களும் நகலை வாங்கி இதைச் செய்து பாருங்கள்.

போன மாதம் ஒரு கட்சிக்காரரின் பெயர் நான்கு மாதம் கழித்து ஒரே ஒரு சாட்சியின் வாக்குமூலத்தில் வந்திருந்தது.

"இவருக்கும் உங்களுக்கும் ஏதாவது உண்டா?"

கொஞ்ச நேரம் யோசித்தார். "சங்கத் தேர்தல்ல இவரை எதிர்த்து நின்னேன் சார்."