மெர்லயனும் கடல்சிங்கமும்

சிங்கப்பூர்ப் பயணத் துண்டறிக்கை ஒன்றில் மெர்லயன் பூங்காவை மறுபடியும் 'கடல்சிங்கப் பூங்கா' என்று எழுதியிருக்கிறார்கள். போன தடவை இதே சொல்லைப் படித்துக் காட்டியபோது அக்கா மகள், "மாமா, அது மூக்கில் பந்து வைத்து ஆடுமா?" என்று கேட்டாள். பிள்ளையைக் குறை சொல்ல முடியாது. அவளுக்குத் தெரிந்த கடல்சிங்கம் அதுதான்.

மெர்லயனுக்குச் சிங்கத் தலை, மீன் உடல். மீன் காட்சியகக் காப்பாளரான அலெக் ஃபிரேசர்-பிரன்னர் 1964இல் சுற்றுலாச் சின்னமாக வரைந்தது. லிம் நாங் செங் வடித்த 8.6 மீட்டர் சிலையை 1972 செப்டம்பர் 15 அன்று லீ குவான் யூ திறந்துவைத்தார். 'மெர்' என்றால் கடல், மெர்மெய்டில் வருவதேதான். 'லயன்' தெரிந்ததே.

வம்பு இங்கேதான். மெர்மெய்ட் கடற்கன்னி என்றால் மெர்லயன் கடற்சிங்கம்தானே என்பார்கள். கணக்கு சரி, விடை தப்பு. கடற்கன்னி என்ற பெயரில் வேறு பிராணி இல்லை. கடல்சிங்கம் என்ற பெயரில் மீசையும் துடுப்புக் கால்களுமாக ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் தனித்தனிச் சொல். நாம் மட்டும் ஏன் ஒன்றாக்க வேண்டும்?

மெர்லயனைச் சிலர் 'சிங்கமீன்' என்பது அதைவிட மோசம். தமிழில் கூட்டுச்சொல்லின் பின்பாதிதான் ஆள்: தேன்குழல் குழல்தான், தேன் இல்லை. சிங்கமீன் என்றால் மீன். அதுவும் உடம்பெல்லாம் வரியும் நச்சு முள்ளுமாக உண்மையிலேயே நீந்துகிற ஒன்று. சிலர் 'யாளி' என்கிறார்கள். கேட்க அழகுதான், ஆனால் கோயில் தூணில் நிற்கும் யாளிக்குச் செதிலுள்ள மீன் வால் எங்கே?

இன்னொன்று, இதை 'பழங்கால மெர்லயன் புராணம்' என்று எழுதுவது. மலாய் வரலாற்றேட்டில் பாலெம்பாங் இளவரசன் சாங் நீல உத்தமன் தெமாசெக்கில், அதாவது பழைய சிங்கப்பூரில், கண்ட விலங்குக்குச் சிவந்த உடல், கறுத்த தலை, வெளுத்த நெஞ்சு. கிடாவைவிடச் சற்றுப் பெரிது. சிங்கம் என்றார்கள், ஊர் சிங்கபுரம் ஆனது. புலியாக இருந்திருக்கலாம் என்போர் உண்டு. எப்படியானாலும் அதற்கு வால் மீன் வாலில்லை. மீன் உடல், ஊர் தெமாசெக் என்ற மீனவக் கிராமமாக இருந்ததைக் காட்ட 1964இல் ஒட்டியது.

என் கட்சி இதுதான்: சிங்கப்பூர்த் தமிழர் சொல்வதுபோல் மெர்லயன் என்றே எழுதுங்கள். இது ஒருவர் யோசித்து வைத்த பெயர். பெயரை மொழிபெயர்க்கத் தேவையில்லை. விளக்கியே ஆக வேண்டுமென்றால், சரி, ஒரு தடவை 'மீனுடல் சிங்கம்' போடலாம். தனித்தமிழ் ஆசை எனக்கும் உண்டு, ஆனால் பொருள் மாறினால் அது தமிழாக்கமே இல்லை.

துண்டறிக்கையைத் திருப்பினேன். பின்பக்கம் விலங்குத் தோட்டக் காட்சி நேரங்கள்: 'கடல்சிங்கம், காலை 10.30'.