பழைய கிட்டாருக்குச் செலவு செய்யும் முன்

சென்ற மாதம் ஒரு கல்லூரி மாணவி, அப்பா வாசித்த பழைய கிட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்தார். "அண்ணா, சுருதி நிக்கவே மாட்டேங்குது. கீ எல்லாத்தையும் மாத்திடுங்க." மாற்றிக் கொடுத்திருந்தால் பணம் போயிருக்கும், சுருதி நின்றிருக்காது.

கம்பியை முறுக்கும் கீயைத் திருகும்போது, நட் பக்கத்திலிருந்து, அதாவது தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் பள்ளம் வெட்டிய சிறு துண்டிலிருந்து, 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டது. கம்பி அங்கே பள்ளத்தில் சிக்கிக்கொண்டு, கொஞ்ச நேரம் கழித்துத் திடீரென்று நழுவுகிறது. மலிவான கிட்டார்களில் பெரும்பாலும் கோளாறு இதுதான், கீ அல்ல. பள்ளத்தை அரத்தால் லேசாக அகலப்படுத்தி, பென்சில் கரியைத் தடவி, புதுக் கம்பி போட்டேன். பழைய கீகள் அப்படியே இருக்கின்றன. சுருதி நிற்கிறது.

அதே பள்ளம் இன்னொரு கெடுதலும் செய்கிறது. ஆழம் போதாமல் வெட்டியிருந்தால் முதல் ஃப்ரெட்டில் (ஃப்ரெட் என்பது நெக்கின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) கம்பி உயரமாக நிற்கும். எஃப் கார்டு பிடித்தால் விரல் வெட்டுப்படும், பிடித்த ஸ்வரமும் கூடிப்போகும். 'எனக்கு விரலில் பலம் இல்லை' என்று தன்னையே நொந்துகொண்டு கிட்டாரை மூலையில் சாய்த்து வைத்தவர்கள் எத்தனை பேர்! எனக்கு இதுதான் தாங்க முடியாத வருத்தம். நீங்களே பார்க்கலாம். மூன்றாம் ஃப்ரெட்டுக்குச் சற்று முன்னால் கம்பியை அழுத்துங்கள். முதல் ஃப்ரெட்டின் மேல் ஒரு தாள் நுழையும் இடைவெளி இருந்தால் போதும். அதற்கு மேல் தெரிந்தால் அரம் போட வேண்டும்.

அடுத்தது சாடில்: மேல்பலகையில் ஒட்டிய பிரிட்ஜ் என்ற மரக்கட்டையில் செருகி, கம்பிகளைத் தாங்கும் துண்டு. உள்ளே குடைந்த பிளாஸ்டிக்கை எடுத்துவிட்டு எலும்பில் செதுக்கிப் போட்டால் ஒலி கொஞ்சம் தெளியும். ஆனால் அற்புதம் எதுவும் நடக்காது. சவுண்ட் ஹோலின் விளிம்பைப் பாருங்கள்: அடுக்கடுக்காகத் தெரிந்தால் மேல்பலகை பிளைவுட். எதைப் பொருத்தினாலும் அது ஒற்றைப் பலகை ஆகிவிடாது. ஒலியை ஸ்பீக்கருக்கு அனுப்பும் பிக்கப் வைக்கலாமா என்று கேட்பவர்களிடம் இதையே சொல்கிறேன்.

சரி, எந்தக் கிட்டாருக்குச் செலவே செய்யக் கூடாது? நீளமான ஸ்டீல் ஸ்கேலை ஃப்ரெட்டுகள் மேல் வைத்து பிரிட்ஜ் வரை நீட்டுங்கள். அதன் முனை பிரிட்ஜின் மேல்விளிம்பை ஒட்டிப் போக வேண்டும். பிரிட்ஜின் பக்கவாட்டில் போய் இடித்தால், நெக்கின் வளைவைச் சரிசெய்ய உள்ளே ஓடும் டிரஸ் ராடு சரியாக இருந்தும் அப்படி என்றால், நெக்கின் கோணமே சாய்ந்துவிட்டது. பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் தடித்த கம்பி 2.5 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டியது, அப்போது 4, 5 என்று நிற்கும். கம்பியை இறக்கலாம் என்றால், தேய்க்கச் சாடிலிலும் மிச்சம் இருக்காது. நெக்கைக் கழற்றி ஒட்டும் கூலி கிட்டாரின் விலையைத் தாண்டிவிடும். அந்தக் கிட்டாரை நான் வேலைக்கு எடுத்துக்கொள்வதில்லை, நினைவாக வைத்துக்கொள்ளச் சொல்லி அனுப்பிவிடுகிறேன்.

இந்தச் சாய்வுக்கு முக்கியக் காரணம் கம்பியின் இழுவை. லைட் ஸ்டீல் செட் 70 கிலோவுக்கு மேல் இழுக்கும். நைலான் கம்பிக்கென்று செய்த கிளாசிக்கல் கிட்டாருக்கு அதில் பாதியைவிடச் சற்று அதிகம், அவ்வளவுதான். அதில் ஸ்டீல் மாட்டி, பிரிட்ஜ் பெயர்ந்து வரும் கிட்டார்கள் இன்னும் என் மேசைக்கு வந்துகொண்டே இருக்கின்றன. ஸ்டீல் கிட்டாராக இருந்தாலும், பழசு என்றால் 12 செட் (மிக மெல்லிய கம்பியின் தடிமன் அங்குலத்தில் ஆயிரத்தில் 12 பங்கு) வேண்டாம். 11 அல்லது 10 போடுங்கள். விரலுக்கும் சுகம், பிரிட்ஜுக்கும் பாரம் குறையும்.