ரிசெர்வா: ஒதுக்கியதா, காத்ததா?

இத்தாலியச் சிவப்பு ஒயின் புட்டிகள் சிலவற்றின் சீட்டில் ‘ரிசெர்வா’ என்று அச்சிட்டிருக்கும். இதை ‘ஒதுக்கப்பட்ட ஒயின்’ என்று தமிழாக்கினால், வேண்டாம் என்று தள்ளிவைத்த சரக்கு என்றுதான் காதில் விழும். சொல்லின் பொருளோ அதற்கு நேர் எதிர்.

மூலம் லத்தீன். ‘செர்வாரே’ என்றால் காத்தல், பேணுதல். ‘ரெ’ முன்னே சேர்ந்தால், பிறகு வேண்டும் என்று எடுத்துவைத்துக் காத்தல். நம் வாயில் புழங்கும் ‘ரிசர்வ்’ இதன் உறவுதான். ரயிலுக்கு அது முன்பதிவானது, காட்டுக்குக் காப்புக்காடானது. காப்புக்காடு என்று பெயர் வைத்தவர் வேரையே பிடித்துவிட்டார்.

இத்தாலியில் இது சட்டச் சொல். டஸ்கனியின் மோந்தால்சினோ ஊரில், சாஞ்சொவேசே திராட்சை ஒன்றை மட்டும் கொண்டு புருனெல்லோ என்ற சிவப்பு ஒயினைச் செய்கிறார்கள். 2019-இல் பறித்த திராட்சை என்றால் புருனெல்லோ 2024 ஜனவரி 1-க்கு முன் விற்பனைக்கு வரக்கூடாது. ரிசெர்வா என்றால் 2025 வரை பொறுக்க வேண்டும். இரண்டுமே குறைந்தது 2 ஆண்டு மரப்பீப்பாயில் கிடந்தாக வேண்டும். அமெரிக்காவில் ‘ரிசர்வ்’ என்று போட இப்படி ஒரு கட்டுப்பாடும் இல்லை. அதனால் சீட்டில் சொல்லைப் பார்த்ததும் எந்த நாட்டுப் புட்டி என்று பாருங்கள்.

மோந்தால்சினோவில் இந்தச் சொல்லுக்கு மதிப்புத் தேடித் தந்தது பியோந்தி சாந்தி குடும்பம். கிரெப்போ என்பது அவர்களுக்குச் சொந்தமாயிருந்த தோட்டம். பல திராட்சைகளைக் கலந்து, சீக்கிரமே குடித்துவிடும் ஒயின்தான் 19-ஆம் நூற்றாண்டில் டஸ்கனி வழக்கம். ஃபெருச்சோ பியோந்தி சாந்தி சாஞ்சொவேசேயை மட்டும் எடுத்து, நெடுநாள் பீப்பாயில் வைத்தார். அவருடைய 1888 புட்டிகள் இன்றும் பேசப்படுகின்றன. 25 ஆண்டைக் கடந்த கொடிகளின் பழம்தான் அங்கே ரிசெர்வாவுக்குப் போகும், அதுவும் நல்ல விளைச்சல் ஆண்டில் மட்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது அவர்களின் இன்னொரு வழக்கம். பல்லாண்டு கிடந்த புட்டியில் ஒயின் மெல்லக் குறைந்து, கழுத்துக்குக் கீழே இறங்கிவிடும். அதைத் திறந்து, சுவைத்துப் பார்த்து, கெடாமல் இருந்தால் அதே ஆண்டு ஒயினை ஊற்றி நிரப்பி, புதுத் தக்கை அடைத்துவந்தார்கள். ஃபெருச்சோவின் மகன் தான்கிரேதி 1927-இல் தொடங்கியது இது. ‘செர்வாரே’ என்ற வினைச்சொல் கையில் எடுத்துச் செய்யும் வேலையாகவே ஆகிவிட்டது.

சரி, தமிழில் என்ன சொல்வது? யவனர் நல்ல கலத்தில் கொண்டுவந்த ஒயினைப் புறநானூற்றின் 56-ஆம் பாட்டு ‘தண்கமழ் தேறல்’ என்கிறது. மத்தியதரைக்கடல் பக்கத்து ஒயின் சாடிகளின் உடைசல்கள் அரிக்கமேட்டில் கிடைத்திருக்கின்றன. அந்தச் சரக்கைக் குடித்தவர்களே வைத்த பெயர் இருக்கும்போது நாம் வேறு தேட வேண்டாம். பழையதற்கும் சொல் உண்டு. 392-ஆம் பாட்டில் ஔவையார் ‘தேட்கடுப்பன்ன நாட்படு தேறல்’ என்கிறார். நாள்பட்டு, தேள் கொட்டியது போல் கடுத்த தேறல். அது நம் ஊர் மது, திராட்சை மது என்று பாட்டில் இல்லை. ஆனால் வைத்து முதிர்ந்தது என்ற பொருளுக்கு ‘நாட்படு’ அளவாகப் பொருந்துகிறது.

என் பரிந்துரை இது: பொதுவாகப் பழைய ஒயினுக்கு நாட்படு தேறல். ரிசெர்வாவில் வயதோடு தேர்வும் சட்டமும் சேர்ந்திருப்பதால், அதற்குக் காப்புத் தேறல். சீட்டில் உள்ள பெயரைச் சொல்லும் இடத்தில் ரிசெர்வா என்றே எழுதலாம்.

தேறல் என்ற சொல் தேறுதலிலிருந்து, அதாவது தெளிதலிலிருந்து வந்தது. பழைய சிவப்பு ஒயினுக்கு இது எவ்வளவு பொருத்தம் என்பது ஊற்றும்போது தெரியும். வயதாக ஆக நிறமும் துவர்ப்பும் ஒன்றுசேர்ந்து அடியில் மண்டியாகப் படியும். மேலே நிற்பது ஊதா நீங்கி, ஓரத்தில் செங்கல் நிறம் காட்டும். முதல் நாளே புட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, கழுத்துக்குப் பின்னால் மெழுகுவத்தி வெளிச்சம் வைத்து, புளித்தண்ணீரை இறுப்பது போல மெதுவாகச் சாய்ப்பார்கள். கறுப்பு இழை ஒன்று கழுத்தை நோக்கி வந்ததும் கையை நிறுத்திவிடுவார்கள்.