புது வீடு இன்னும் மழையைப் பார்க்கவில்லை

சாவி கைக்கு வரும் முன் வீட்டைப் போய்ப் பார்த்து, எது சரி, எது சரியில்லை என்று எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. பையில் ஒரு ரசமட்டம், டேப், டார்ச், மூங்கில் குச்சி, பிளக்கில் செருகிப் பார்க்கும் சின்ன டெஸ்டர், அப்புறம் ஒரு கோலிக்குண்டு. கடைசியாகச் சொன்னதைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் குறைவு.

போன மாதம் ஒரு வயதான அம்மாவும் அவர் மகனும் கூட்டிக்கொண்டு போனார்கள். புதுக் குடியிருப்பு, நான்காவது மாடி. எல்லாம் பளபளவென்று இருந்தது. குளியலறையில் கோலிக்குண்டைத் தரையில் விட்டேன். அது வடிகால் வாயைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேராகக் கதவு நிலையை நோக்கி உருண்டு வந்தது. ஒரு வாளி தண்ணீர் ஊற்றினோம், அதுவும் குண்டு போன வழியிலேயே போனது. ஒரு மீட்டர் நீளத்துக்கு ஒரு சென்டிமீட்டராவது தரை வடிகாலை நோக்கித் தாழ வேண்டும். இங்கே எதிர்ப்பக்கம் தாழ்ந்திருந்தது. "தம்பி, புது வீடுதானே? இதெல்லாம் பார்த்துத்தானே கட்டியிருப்பாங்க?" என்று அந்த அம்மா கேட்டார்.

இந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

பத்து வருடம் ஆன வீடு தன் குறையைத் தானே சொல்லிவிடும். எங்கே ஒழுகுமோ அங்கே கறை இருக்கும். எங்கே விரிய வேண்டுமோ அங்கே விரிந்திருக்கும். மேல்வீட்டுக்காரர் எப்படிப்பட்டவர், லிஃப்ட் மாதத்தில் எத்தனை நாள் நிற்கிறது, பராமரிப்புக்கு வருடம் எவ்வளவு ஆகிறது, எல்லாவற்றையும் யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். புது வீட்டிடம் கேட்க ஒன்றும் இல்லை. அது இன்னும் ஒரு மழையைக்கூடப் பார்க்கவில்லை. அங்கே குறையே தெரியவில்லை என்றால், வெளியே வர அதற்கு நேரம் கிடைக்கவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

அதற்காகப் புதிதாக வாங்காதீர்கள் என்று சொல்ல மாட்டேன். மின்சார வயரிங் இன்றைய பயன்பாட்டுக்குக் கணக்குப் போட்டு இழுத்திருப்பார்கள். பழைய வீட்டில் ஏசி, அடுப்பு, ஹீட்டர் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டால் ஃப்யூஸ் போவது வாடிக்கை. புதிய கட்டடத்தில் 30 மில்லியாம்ப் கசிவுக்கே மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்புச் சுவிட்ச் பெரும்பாலும் இருக்கும். அதில் உள்ள டெஸ்ட் பொத்தானை அழுத்திப் பாருங்கள், உடனே விழ வேண்டும். குழாய்கள் துருப்பிடித்திருக்காது. தீ விபத்து என்றால் வெளியேற வழி, வண்டி நிறுத்த இடம், லிஃப்ட் எல்லாம் வரைபடத்திலேயே இருக்கும். முதல் சில வருடங்களுக்குப் பெரிய செலவு வைக்காது. முக்கியமாக, கட்டியவர் குறிப்பிட்ட காலத்துக்குள் வரும் குறைகளைச் சரிசெய்து தரும் பொறுப்பை ஒப்பந்தத்தில் ஏற்றிருந்தால் அது பெரிய பலம். பழைய வீட்டை விற்பவர் கையெழுத்துப் போட்டதும் போய்விடுவார்.

சரி, இனி ஈரத்துக்கு வருகிறேன். புது வீடு பார்க்க வருகிறவர்கள் பெயின்ட் நிறத்தைப் பார்ப்பார்கள், நான் பார்ப்பது அதற்குப் பின்னால் இருக்கும் தண்ணீரை.

காங்கிரீட், செங்கல் கட்டு, பூச்சு, டைல்ஸ் பதிக்கும் கலவை என ஒரு வீட்டில் போகும் எல்லாவற்றிலும் தண்ணீர் இருக்கிறது. காங்கிரீட் 28 நாளில் எதிர்பார்த்த வலிமைக்கு வந்துவிடுகிறது என்பதால், அதற்குள் காய்ந்தும்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். வலிமை வேறு, காய்வது வேறு. நல்ல காற்றோட்டத்தில்கூட ஓர் அங்குலக் கனம் காய ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும் என்பது கட்டுமானக்காரர்களின் பொதுக்கணக்கு. ஆறு அங்குலத் தளம் என்றால் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். ஒப்படைக்கும் தேதி நெருங்கினால் பூச்சு காயும்வரை யாரும் காத்திருப்பதில்லை. பட்டி பார்த்து, பெயின்ட் அடித்து, சாவியைக் கொடுத்துவிடுவார்கள். அந்த ஈரம் எங்கே போகும்? சுவரிலுள்ள உப்பைக் கரைத்துக்கொண்டு வெளியே வரும். சுவரின் அடியில் வெள்ளை வெள்ளையாகப் பொடி பூக்கும், பெயின்ட் கொப்பளிக்கும். ஒரு வீட்டில் அந்தப் பொடியைத் தினமும் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார்கள், எங்கிருந்தோ தூசி வருகிறது என்று நினைத்து. அதோடு வெளிச்சுவரை ஒட்டி முழு உயர அலமாரி அடித்திருந்தார்கள். பின்பலகையைக் கழற்றியபோது பூசணம் கறுப்பாகப் படர்ந்திருந்தது.

ஆகவே முதல் வருடம் வெளிச்சுவரில் அலமாரி அடிக்காதீர்கள். அடித்தே ஆக வேண்டுமென்றால் பின்னால் காற்றுப் போக இடைவெளி விடுங்கள். விலை உயர்ந்த பெயின்ட்டையும் சுவர்த்தாளையும் இரண்டாம் வருடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஜன்னல்களைத் திறந்தே வையுங்கள். உள் அலங்காரம் செய்கிறவர்களுக்கு இந்த யோசனை பிடிக்காது, தெரியும்.

காயும்போது சுவர் சுருங்கும், சுருங்கினால் விரிசல் வரும். பூச்சின் மேல் தலைமுடி போல வலைவலையாக ஓடும் விரிசலுக்குப் பதற வேண்டாம். தூணும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் நெட்டுக்குத்தாக ஒரு கோடு விழுந்தால், வெயிலில் இரண்டும் வெவ்வேறு அளவில் விரிகின்றன, அந்த மூட்டில் பூசும் முன் கம்பி வலை அடிக்கவில்லை என்று அர்த்தம். அசிங்கமாக இருக்கும், ஆபத்தில்லை. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகக் கிளம்பும் விரிசல், செங்கல் வரிசையோடு படிக்கட்டு மாதிரி இறங்கும் விரிசல், ஒரு முனையில் குறுகி மறுமுனையில் அகலும் விரிசல், இவற்றுக்குத்தான் நான் குனிந்து பார்ப்பேன். அடித்தளம் ஒரு பக்கம் இறங்குகிறதோ என்ற சந்தேகம் அங்கேதான் வரும். விரிசலின் இரண்டு முனைகளிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி வையுங்கள். மூன்று மாதம் கழித்துக் கோட்டைத் தாண்டியிருந்தால் ஒரு கட்டமைப்புப் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

அடித்தளம் என்றதும் இன்னொன்று. பெரிய குடியிருப்புத் திட்டங்களுக்குப் பெரிய நிலம் வேண்டும். அப்படிக் கிடைக்கும் நிலம் பல நேரம் யாரும் வீடு கட்டாமல் விட்ட நிலமாக இருக்கும். ஏன் விட்டார்கள் என்று கேளுங்கள். பள்ளமாக இருந்து மண் கொட்டி மேடாக்கியிருந்தால் அந்த மண் வருடக்கணக்கில் அமுங்கும். ஆழத்தில் ஊன்றிய கட்டடம் அப்படியே நிற்கும், சுற்றியுள்ள நடைபாதைக் கற்கள் இறங்கும், கட்டடத்திலிருந்து வெளியே வரும் கழிவுக்குழாய் அந்த இடத்தில் உடையும். களிமண் நிலம் மழையில் உப்பி வெயிலில் சுருங்கும். அக்கம்பக்கத்தில் வெகுநாளாக இருப்பவரிடம் பேச்சுக் கொடுத்தால், விற்பனை அலுவலகத்தில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்தாலும் தெரியாதது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். கனமழைக்கு மறுநாள் அந்தச் சாலையில் ஒருமுறை நடந்து பாருங்கள்.

மாதிரி வீட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அதில் உள்கதவுகள் இருக்காது, கவனித்திருக்கிறீர்களா? கதவு திறந்து மூட இடம் வேண்டும், அது இல்லையென்றால் அறை பெரிதாகத் தெரியும். கட்டில் வழக்கத்தைவிடக் குட்டையாக இருக்கும். எதிரில் ஆளுயரக் கண்ணாடி. டேப்பை எடுத்து அளந்து, உங்கள் வீட்டுக் கட்டிலும் பீரோவும் அங்கே நிற்குமா என்று பாருங்கள். விளம்பரத்தில் போட்டிருக்கும் சதுர அடியில் படிக்கட்டு, நடைபாதை, லிஃப்ட் குழி எல்லாம் பங்கு போட்டுச் சேர்ந்திருக்கலாம். சுவருக்குள் கால் வைக்கக் கிடைக்கும் கார்பெட் ஏரியா எவ்வளவு என்று எழுத்தில் கேட்டு வாங்கி, விலையை அதால் வகுத்துப் பாருங்கள். மலிவாகத் தெரிந்த சில வீடுகள் அந்தக் கணக்கில் மலிவு இல்லை.

வரைபடத்தில் பூங்கா பச்சையாக இருக்கும், நீச்சல்குளம் நீலமாக இருக்கும், மூலையில் "எதிர்கால விரிவாக்கம்" என்று வெள்ளையாக ஓர் இடம் இருக்கும். அந்த வெள்ளை இடத்தில்தான் அடுத்த கட்டடம் எழும்பி உங்கள் ஜன்னல் வெளிச்சத்தை மறைக்கும். விற்பவர் வாயால் சொன்னது, வழவழத்தாளில் அச்சடித்தது, ஒப்பந்தத்தில் எழுதியது என்று மூன்று இருக்கின்றன. கடைசியாகச் சொன்னதை மட்டும் நம்புங்கள். அனுமதி பெற்ற வரைபடத்தோடு அது ஒத்துப்போகிறதா, நிலத்தின் உரிமை யார் பெயரில் இருக்கிறது, தாமதமானால் உங்களுக்கு என்ன இழப்பீடு என்பதை உங்கள் சொந்த வழக்கறிஞரை வைத்துப் பாருங்கள். கட்டுமான நிறுவனமே "எங்க வக்கீல் பார்த்துக்குவார்" என்றால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

பணக்கணக்கில் இருவர் சொன்னதை மறக்க முடியவில்லை. ஒருவர், கட்டி முடியும் முன்பே கடன் வாங்கித் தவணை தவணையாகக் கொடுத்தவர். இருக்கும் வீட்டுக்கு வாடகை, இல்லாத வீட்டுக்கு வட்டி, இரண்டையும் சேர்த்துக் கட்டினார். ஒப்படைப்பு தள்ளிப் போகப் போக அவர் சேமிப்பு கரைந்தது. இன்னொருவர் முதல் கட்டத்தில் வாங்கி, மூன்று வருடம் தூசியிலும் இரைச்சலிலும் இருந்து, வேலை மாற்றலால் விற்க வந்தவர். அதே வளாகத்தில் நிறுவனம் மூன்றாம் கட்டத்தைப் புத்தம் புதிதாக, சமையலறை அலமாரி இலவசம் என்று விற்றுக்கொண்டிருந்தது. இவருடைய வீட்டைக் கேட்க ஆளில்லை. வளாகம் முழுதும் விற்றுத் தீரும்வரை உங்கள் வீட்டைக் கட்டியவரே உங்கள் போட்டியாளர்.

பராமரிப்புக் கட்டணமும் அப்படித்தான். விற்பனை நடக்கும்வரை குறைவாகவே வைத்திருப்பார்கள். குடியிருப்போர் சங்கத்தின் கைக்கு வந்த பிறகுதான் லிஃப்ட் ஒப்பந்தம், ஜெனரேட்டர், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு, வெளிச்சுவர் பெயின்ட் என்று உண்மைச் செலவு தெரியும். பாதி வீடுகள் காலியாக இருந்தால் சுமை குடியிருப்பவர்கள் தலையில் விழும் ஆபத்தும் உண்டு. மேல்வீடு காலியாக இருந்து அங்கே குழாய் கசிந்தால் உங்கள் கூரை நனையும்வரை யாருக்கும் தெரியாது.

இத்தனைக்கும் பிறகு வாங்கலாமா என்றால், புது வீட்டிடம் கேட்க முடியாததை அதே நிறுவனம் ஐந்து வருடம் முன்பு கட்டிய குடியிருப்பிடம் கேட்கலாம். அங்கே போங்கள். காவலாளியிடம் பேசுங்கள், சங்கச் செயலாளரைப் பாருங்கள், மாடிப்படியின் மேல்தளத்தில் ஈரக்கறை தேடுங்கள், வண்டி நிறுத்தும் கீழ்த்தளத்தில் தண்ணீர் கட்டி நின்ற தடம் இருக்கிறதா என்று பாருங்கள். குறை சொன்னபோது வந்து சரிசெய்தார்களா என்று கேளுங்கள். என்னைக் கேட்டால் கட்டியவரின் பழைய வேலைதான் புது வீட்டின் ஜாதகம். அப்புறம், திட்டத்தின் முதல் கட்டத்தில் விலை குறைவு, ஆபத்து அதிகம். கடைசிக் கட்டத்தில் தேர்ந்தெடுக்க மிச்சம் ஏதும் இருக்காது. கட்டி முடித்து, ஒரு மழைக்காலம் கடந்து, இன்னும் விற்காமல் இருக்கும் வீடு கிடைத்தால் நான் கொஞ்சம் கூடுதல் விலை கொடுத்தாவது அதைத்தான் எடுப்பேன். வாடகையும் வட்டியும் சேர்த்துத் தாங்க முடியாதவர்கள் மண்ணில் கோடு போட்டிருக்கும் நிலையில் வாங்கவே கூடாது.

அந்த அம்மாவின் குளியலறைக்கு வருகிறேன். தரையைப் பெயர்த்துச் சாய்வு மாற்றினார்கள். மூங்கில் குச்சியால் தட்டினேன், உள்ளே வெற்றிடம் இல்லாமல் எல்லா டைல்ஸும் கெட்டியாகச் சத்தம் கொடுத்தன. மேற்பார்வையாளர் முடிந்தது என்றார். நான் விடவில்லை. டைல்ஸைப் பெயர்க்கும் உளி அடியிலுள்ள நீர்த்தடுப்புப் பூச்சையும் சேர்த்துப் பெயர்த்திருக்கும், அதை மறுபடி பூசினார்களா என்பது மேலிருந்து தெரியாது. வடிகாலை அடைத்து, தரை மூழ்கத் தண்ணீர் கட்டி, 24 மணி நேரம் விடச் சொன்னேன். முகம் சுளித்தார், ஆனாலும் செய்தார்.

மறுநாள் மூன்றாவது மாடியில் கீழ்வீட்டுக் குளியலறையைத் திறந்து டார்ச் அடித்தோம். கூரை காய்ந்திருந்தது. வடிகால் குழாய் தளத்தைத் துளைத்து இறங்கும் இடத்தில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம். விரலை வைத்துக் காட்டினேன்.

"அப்போ சாவி வாங்கிக்கலாமா தம்பி?"

"இன்னும் ஒரு வாரம் பொறுங்கம்மா. குழாயைச் சுற்றி அடைக்கட்டும், மறுபடி தண்ணி கட்டிப் பார்த்துடலாம்."